இனம் தெரியாத துண்டு

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சீனிச்சாமிக்கு மிச்சமிருந்த கௌரவம் அந்த ரைபிள்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவத் துப்பாக்கி. பிற்காலத்தில் குழலை மாற்றி, உரிமத்தோடு வைத்துக்கொள்ளும்படி ஆக்கியிருந்தார்கள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வங்கி வாசலில் நின்றால் அவர் கன்மேன். அது இல்லாவிட்டால் ஏதாவது பனியன் கம்பெனி கேட்டில் தடியோடு நிற்கிற வாட்ச்மேன். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவர் மனைவி நாகஜோதிக்குத் தெரியும். காலையில் அவர் மீசையை முறுக்கிவிடும் அழகை ரசித்துக்கொண்டே சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பவள் அவள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் பேப்பரை விரித்து ரைபிளைப் பிரித்துத் துடைத்தார். நாகஜோதி சாப்பாட்டுப் பையைப் பேப்பர் ஓரமாக வைத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி முனீஸ், பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர், ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து மூலையில் படுத்திருந்தான். சாயந்திரம் அவள் வேலை முடிந்து வந்தபோது வீடு தலைகீழாகக் கிடந்தது.

"எக்ஸ்ட்ராக்டரக் காணோம்! அடுத்த மாசம் லைசென்ஸு புதுப்பிக்கணும். சுட்டதுக்கப்புறம் தோட்டாவோட கூட்ட வெளிய இழுக்கிறதே அதுதான். அது இல்லாமச் சோதனைக்குக் கொண்டுபோனா ஆயுதப்படையில சிரிப்பானுக."

அந்தப் பெயரின் நீளத்தைக் கேட்டு நாகஜோதி ஒரு சாண் நீளத்தில் ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டாள். பீரோவுக்கு அடியிலும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் ஒரு சாண் இரும்பைத் தேடினாள்.

"வீட்டுல இருந்தது உன் தம்பி மட்டுந்தான்," என்றார் சீனிச்சாமி.

"மச்சான், நான் தூங்கிட்டுல்லா இருந்தேன்."

"தூங்குன மாதிரி கெடந்தே. போன தீபாவளிக்கே துப்பாக்கியத் தொட்டுப் பாத்தவன்தானடா நீ!"

முனீஸ் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனுடைய பையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றவள், குனிந்து அதன் ஜிப்பைத் திறந்தாள். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சோப்பு டப்பா.

"எடுத்திருந்தா குடுத்துரு ராசா," என்றாள் மெல்ல.

பையை அவனே மூடினான். மறுநாள் பனியன் வேலைக்கு லூதியானாவுக்குப் போகும் ஆட்களோடு ரயிலேறிவிட்டான்.

சீனிச்சாமி அலைந்தார். காதர்பேட்டைப் பக்கம் தையல் மெஷின் சாமான் விற்கும் பாரூக், "ஓவர்லாக் லூப்பர் வேணுமா, இப்பத் தர்றேண்ணே. இது நம்ம லைன் இல்ல," என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். முதலிபாளையத்து லேத் பட்டறை பொங்கியண்ணன் ஒரே பேச்சில் முடித்தார்: "துப்பாக்கிச் சாமானெல்லாம் நாம தொடக்கூடாதுங்க. போலீஸு வந்து என்னையக் கூட்டீட்டுப் போனா லேத்த நீங்களா ஓட்டுவீங்க?" கோயமுத்தூரில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் மட்டும் ஒரு சீட்டில் படம் வரைந்து கொடுத்தார். ஒவ்வொரு தயாரிப்புக்கும் கொக்கி வேறு மாதிரி இருக்கும், பழையதைக் கொண்டுவந்தால்தான் பொருத்திப் பார்த்து வேறு தர முடியும் என்றார்.

"பழசு இருந்தா நான் எதுக்குப் புதுசு கேக்கேன்?" என்று அந்தச் சீட்டை நாகஜோதியின் மடியில் எறிந்தார் சீனிச்சாமி.

நாகஜோதி படத்தைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தளவு. முனையில் ஒரு கொக்கி.

இதை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் உடைந்த ஊசி ரிஜிஸ்டர் அவள் பொறுப்பு. தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். துணியில் ஒன்று தங்கி வெளிநாட்டுக் குழந்தையைக் குத்திவிட்டால் ஆர்டரே போய்விடும். துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கின பிறகுதான் புது ஊசி. முனீஸ் போய் நாலாம் நாள், சாப்பாட்டுப் பையை அவள் உதறியபோது மூன்றாவது தையல் லைனில் டிங் என்று ஒரு துண்டு விழுந்தது. ஏதோ மெஷினிலிருந்து தெறித்த, நூல் கோக்கும் லூப்பர் கொக்கியின் முனை என்றுதான் நினைத்தாள். ஒழுங்காக ஒட்டினாள். எதிரே எழுதினாள்: 'இனம் தெரியாத துண்டு.'

கையெழுத்தான பக்கத்தில் கை வைத்தால் வேலைக்கு ஆபத்து. மறுநாள், அது தெரிந்தேதான் நகத்தால் டேப்பை உரித்தாள்.

துண்டைப் பார்த்ததும் சீனிச்சாமி குழந்தை மாதிரி சிரித்தார். "எங்கட்டி கெடந்துச்சு?"

"எஞ்சோத்துப் பையில. நான்தான் கம்பெனிக்குக் கொண்டுபோயிருக்கேன்."

"அடி கிறுக்கி!" அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார். கோபத்தின் சாயல்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"முனீசுக்கு ஒரு போன் போடுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அதான் கெடச்சிருச்சுல்ல. சின்னப்பயகிட்டப் போயி நான் என்னத்தச் சொல்ல?" ரைபிளை மடியில் வைத்துத் துண்டைப் பொருத்தினார். திருகாணியை முடுக்கிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். நாகஜோதி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

உரிமம் கிடைத்தது. அடுத்த வாரமே சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் தணிக்கைக்கு வந்து, டேப் உரிந்த இடத்தில் விரலை வைத்தார்கள். ரிஜிஸ்டர் வேறு ஆளிடம் போனது. நாகஜோதியைப் பிசிறு வெட்டும் இடத்தில் உட்கார வைத்தார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் லூதியானாவுக்கு அவளே போன் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எதிர்ப்பக்கம் நீராவி இஸ்திரிப் பெட்டி சீறிக்கொண்டிருந்தது.

"மச்சான் சொன்னத நான் அன்னைக்கே விட்டுட்டேன்க்கா," என்றான் முனீஸ். "நீயில்லா எம் பையத் தொறந்தே."

"ராசா..."

"பொங்கலுக்கு வர லீவு இல்லக்கா. வச்சிரட்டா?"

அவள் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டான். மணி அடித்தது. நாகஜோதி கத்தரியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எதிரே மலைபோல் குவிந்திருந்தன, குழந்தைகளின் பனியன்கள்.