வெளியே வைத்த பைகள்

நூலகத்தை ஒட்டிய அந்த அறையில் உடைந்த முக்காலிகள் குவிந்து கிடந்த காலத்திலேயே, உள்ளே ஒரு காடு ஒளிந்திருப்பதாக ஸ்கேல் உறுதியாகச் சொன்னாள். கட்டடக்கலை இறுதியாண்டில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. டிபன் பாக்ஸைக்கூட அளந்துவிட்டுத்தான் திறப்பாள் என்று ஒல்லித் தோழி ஒட்டடைக்குச்சி கிளப்பிவிட்ட ‘ஸ்கேல்’ என்ற பட்டப்பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

இருவருமாகப் பழைய அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் ஒரு ஜன்னல். அதற்கு அப்பால் ஒரு வாதுமை மரம், இத்தனை வருஷமாக இவர்களுக்காகவே காத்திருந்த மாதிரி, சிவந்த இலைகளோடு நின்றது. ஸ்கேல் நேராக முதல்வர் அறைக்குப் போய், பசங்கள் மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று கேட்டாள்.

மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கும் குரல் முதல்வர் மேடத்துக்கு. "வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். பசங்க இருந்தா ரூம் உனக்கு. இல்லேன்னா ஜெராக்ஸ்காரருக்கு. அவர் எங்கிட்ட கேக்காத நாளில்லை."

"இருப்பாங்க மேடம்."

சுவருக்கு ஈரக் களிமண் நிறம் பூசினாள். பெரணிச் செடித் தொட்டிகளைச் சுவரோரமாக அடுக்கினாள். ஒருத்தருக்கு மரம் தெரிந்து இன்னொருத்தருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, எல்லா நாற்காலிகளையும் ஜன்னலைப் பார்த்து, சம இடைவெளி விட்டு, வரிசையாகப் போட்டாள். காகிதத்தில் அது அவ்வளவு அழகாக இருந்தது.

பசங்கள் வந்தார்கள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்க்காமல், சுவர்க் கடிகாரத்தை மட்டும் ரெண்டு தடவை பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். வியாழக்கிழமை மதியம் ஈ காக்கை இல்லை.

"வாசனை ஏதாவது தெளிக்கலாமாடி?" என்றாள் ஒட்டடைக்குச்சி.

"உன் வாயைத் தைக்கலாம்."

அப்போது முதலாண்டுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, பையை வெளியவே வச்சிடணுமா?"

வேணாம் என்று சொல்ல வாயெடுத்த ஸ்கேலுக்குச் சட்டென்று பொறி தட்டியது. மூன்று நாளாக அறைக்கு வெளியே, சுவரோரம், பைகள் வரிசையாக நின்றதைப் பார்த்திருக்கிறாள். என்ன மரியாதை என்று பூரித்தும் போயிருக்கிறாள். பையை வெளியே வைத்துவிட்டு இந்தப் பசங்கள் நுழையும் அறை கல்லூரியில் ஒன்றே ஒன்றுதான்.

போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அவளையறியாமல் கை பேனாவைத் தேடியது. விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னடி, கழண்டுடுச்சா?"

"பரீட்சை ஹால் கட்டி வச்சிருக்கேன்டி! இலை தழை வச்ச பரீட்சை ஹால்! வா, நாற்காலியைத் தூக்கு. தங்கச்சி, நீயும் ஒரு கை பிடி."

"நாளைக்கு மேடம் வருவாங்களே!"

"வரட்டும். அதுக்குள்ள முடிச்சிடலாம்."

நாற்காலிகள் வெளியேறின. கடிகாரமும் இறங்கியது. சுவரோரம் கைகட்டி நின்ற பெரணிகளை அறை நடுவுக்கு இழுத்து, மனம் போன போக்கில் விட்டாள். இடையிடையே பாய்கள், தடிமனான மெத்தைத் துண்டுகள், ஒன்றில் படுப்பவர் முகம் இன்னொன்றில் இருப்பவருக்குத் தெரியாதபடி. மரம் தெரியாத மூலையிலும் அதன் நிழல் மட்டும் வந்து தரையில் அசைந்தது. அது போதும் என்று பட்டது. அளக்கிற ஸ்கேலை அவள் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மேடம் ஜெராக்ஸ்காரரோடு வந்தார். வாசலில் ஒரு பைகூட இல்லை. எல்லாம் உள்ளே, தலைகளுக்கு அடியில் இருந்தன. ஒருவன் குறட்டை விட்டான். முதலாண்டுப் பெண் பெரணிக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தாள்.

"என்னம்மா இது, நாற்காலியெல்லாம்—" மேடத்தின் குரல் கிளம்பியது.

"உஷ்ஷ்!" என்றாள் அந்தப் பெண், கண்ணைத் திறக்காமலே.

ஒட்டடைக்குச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஸ்கேல் மேடத்தின் முகத்தையே பார்த்தாள். மேடம் அறையைப் பார்த்தார், தரையில் அசையும் நிழலைப் பார்த்தார். பிறகு, அந்தக் கல்லூரியில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், கிசுகிசுத்தார்.

"மெஷினைப் படிக்கட்டுக்குக் கீழ வச்சுக்கங்க."

"சரிங்க மேடம்," என்று ஜெராக்ஸ்காரரும் கிசுகிசுத்துவிட்டு, நுனிக்காலில் நடந்து போனார்.