ஒரு சொல்லுக்கு எரிந்த சிவப்பு விளக்கு

தெசலோனிகியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் ஸ்திராத்தோஸுக்கு ஒட்டுப்போடுவதில் பெயர். பாட்டில் ஒரு சொல் பிசகினால் அதை மட்டும் மறுபடி பாடவைத்து, பழையதன் இடத்தில் பதித்துவிடுவான். பாடகர் மூச்சு எடுக்கும் இடம் பார்த்து வெட்டுவதால் ஒட்டு எவன் காதுக்கும் அகப்படாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் திங்கட்கிழமை காலை எவாந்தியா வந்திருந்தாள். துறைமுக விடுதிகளில் முப்பது வருஷம் பாடிய தொண்டை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள். அப்புறம் பேச்சுக்கே வழியில்லை, பாட்டுக்கு எங்கே போவது? எட்டுப் பாட்டு முடிந்திருந்தது. போன வாரம் பாடிய ஒன்பதாவதில், கடைசிச் சரணத்தின் கடைசிச் சொல்லான 'கரையே' சுருதி இறங்கியிருந்தது.

"விட்டுடுங்கக்கா, யாரும் கவனிக்கமாட்டாங்க."

"நான் கவனிப்பேன்டா ஸ்திராத்தோ. போற குரல் சுருதியோட போகட்டும். அந்த ஒத்தச் சொல்ல மட்டும் எடு."

திரையில் இடம் குறித்தான். 'கரையே'வுக்கு முந்தைய மூச்சில் சிவப்பு விளக்கு எரிந்து பதிவு தானே தொடங்கும், சொல் முடிந்ததும் தானே நிற்கும். அதற்கு முன்னால் சரணம் முழுக்க அவள் காதில் ஓடும். விளக்கு எரியாதபோது பாடுவதையும் ஓசைப்படாமல் பிடித்துவைக்கும் வசதி அந்த மென்பொருளில் உண்டு. கிழட்டுக் கணினி திணறுகிறதென்று போன வாரம்தான் அதை அணைத்துவைத்தான்.

"அந்த இடம் வர்றவரைக்கும் சும்மா முனகுங்க. தொண்டையச் செலவு பண்ணாதீங்க."

"சரிங்க டாக்டரே!"

முதல் வரியை முனகினாள். இரண்டாவது வரியில் என்ன நினைத்தாளோ, கண்ணை மூடி வாய்விட்டுப் பாட ஆரம்பித்தாள். அடேயப்பா! கடலுக்குப் போன புருஷனைக் கூப்பிடும் பாட்டு அது. எட்டுப் பாட்டிலும் வராத ஒன்று இப்போது வந்தது. ஸ்திராத்தோஸுக்கு உடம்பு சிலிர்த்தது. கை பதிவுப் பொத்தானுக்குப் போயிற்று. அமுக்கினால் குறித்த இடம் கலைந்து அந்தச் சொல் பாழாகலாம். பாவி, தொழில் சுத்தம் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டான். 'கரையே'வுக்கு மட்டும் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

கண்ணாடிக்கு அப்பால் அவள் சிரித்தாள். அதற்குள் குரல் கம்மிப்போயிருந்தது.

"இத்தன வருஷத்துல இப்பத்தான்டா வந்துச்சு. போடு, கேப்போம்."

போட்டான். வேறென்ன செய்வான்? போன வாரம் பாடிய சரணம் சோர்ந்து நடந்துவந்தது. முடிவில் புதிய 'கரையே'. சுருதி சுத்தம், ஒட்டு தெரியவில்லை.

"இது பழசுல்ல? இப்பப் பாடினது எங்கடா?"

"அது பதியலக்கா. நீங்க ஒத்தச் சொல்லுதானே கேட்டீங்க..." சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னொரு தடவ எடு," என்றாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல, இந்தமுறை சரணத்தின் தொடக்கத்திலிருந்தே பதிவைப் போட்டான். இரண்டாவது வரியில் இருமல் வந்தது. மூன்று தரம் முயன்றாள். பிறகு வெறும் காற்றுதான் வந்தது.

"பழைய குரல மட்டும் அணைச்சிட்டுப் போடு," என்று கிசுகிசுத்தாள்.

வாத்தியம் மட்டும் ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டால் சரணம் முழுவதையும் பாடிக்கொண்டே வந்தாள். முடிவில் புதிதாய்ப் பதிந்த அந்த ஒற்றைக் 'கரையே' ஒலித்தபோது உதடும் இம்மி பிசகாமல் அங்கே இருந்தது.

"மறுபடியும்," என்றாள்.