சத்தமாக யோசி

அலுவலகத்தில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். மருந்துக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. மற்றவர்கள் அரட்டை அடிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு அவள் மூலையில் வேலை பார்ப்பாள். அப்படிப்பட்டவளை, உலகமெல்லாம் கிளை விரித்த பெரிய கம்பெனி ஒன்று நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. பக்கத்து இருக்கைக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"விடை அவங்களுக்கு ரெண்டாம்பட்சம். நீ எப்படி யோசிக்கறேன்னுதான் பார்ப்பாங்க. யோசிக்க யோசிக்க வாயால சொல்லிக்கிட்டே இருக்கணும். நீ பாட்டுக்குக் கல்லு மாதிரி உக்காந்திருந்தா, நெட் போயிடுச்சுன்னு நினைச்சு கட் பண்ணிடுவாங்க."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அக்கா சிரித்தாள்.

"நம்ம வீட்டுல மனசுல இருக்கறதை எல்லாம் வாயால சொல்லியிருந்தா குடும்பம் எப்பவோ நாலா சிதறியிருக்கும். சரி, என்கிட்ட சொல்லிப் பழகு. எனக்குத்தான் ஒண்ணும் புரியாதே, பயம் எதுக்கு?"

அலமாரிக் கண்ணாடிதான் பலகை. மார்க்கரால் எழுதி, ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். பின்னால் நாற்காலியில் அக்கா. கையில் ஒரு கிண்ணம் ஐஸ் கட்டி. டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீரை அளந்துதான் தருவார்கள். ஒரு டம்ளரைக் குடித்துத் தீர்ப்பதைவிட ஐஸை வாயில் அடக்கிக் கரைத்தால் தாகம் கொஞ்சம் ஏமாறும் என்று அக்காவே கண்டுபிடித்திருந்தாள்.

திங்கள், புதன், வெள்ளி அக்காவுக்கு ஆஸ்பத்திரி. கூட்டிப்போய் விட்டுவிட்டு அலுவலகம் போய், திரும்ப வந்து கூட்டிவருவது தங்கை. அவளுடைய சிறுநீரகம் பொருந்தாது என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. வேறு யாராவது தந்தால் உண்டு. அந்த வரிசையில் அக்கா காத்திருக்கிறாள். பெரிய கம்பெனி இருப்பது வேறு ஊரில். அக்காவையும் அழைத்துப் போனால் அங்கே வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். இதை இருவரும் அறிவார்கள். ஒருநாளும் பேசியதில்லை.

பழகப் பழக அவளுக்கு வாய் திறந்துகொண்டது. இப்படி ஆனால் என்ன, அப்படி ஆனால் என்ன என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும், அதுதான் முறை. "அட, ஊமை பேசுது," என்று அக்கா ஐஸைக் கடித்துக்கொண்டு சொல்வாள். அந்த மாலைகளில் இருவரும் சந்தோஷமாகவே இருந்தார்கள்.

அன்றைக்கு எடுத்தது வேலைகளைப் பங்கிடும் கணக்கு. கண்ணாடியில் அம்புக்குறி போட்டபடி சொல்லிக்கொண்டே போனாள்.

"ஒரு ஆள். ரெண்டு வேலை. ரெண்டும் ஒரே நேரத்துல வருது. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு நின்னுபோகும். ஒத்திப்போடலாம். எதுவரைக்கும்? மத்தது முடியறவரைக்கும். அது எப்ப முடியும்? அக்கா இருக்கறவரைக்கும்..."

வாய் நின்றது. மார்க்கர் நிற்காமல் ஒரு கோட்டைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. கண்ணாடியில், அம்புக்குறிகளுக்கு நடுவே, அக்காவின் முகம்.

அக்கா வாயிலிருந்த ஐஸ் கரையும்வரை பேசவில்லை. பிறகு, "நிறுத்தாதே. நிறுத்தினா மார்க் குறைப்பாங்க," என்றாள்.

"அக்கா, நான் அதைச் சொல்ல வரல."

"அதைத்தான் சொன்னே. தப்பில்ல. நானும் தினம் அதே கணக்கைத்தான் போடறேன். உள்ளுக்குள்ள போடறேன், அவ்வளவுதான்."

கம்பெனி தேர்வுக்குச் சில நாட்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது. எல்லாமே அக்காவின் ஆஸ்பத்திரி நாட்கள். அதனால்தான் பதில் போடாமல் இருந்தாள்.

"புதன்கிழமைன்னு போட்டுடு," என்றாள் அக்கா. "நான் பஸ்ல போய்க்கறேன். ஊசி குத்தறது எனக்குத்தானே, உனக்கா?"

போட்டாள். அதன் பிறகும் மாலையில் கண்ணாடி முன் நின்றாள்; அக்காவும் வந்து உட்கார்ந்தாள். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் சல்லடையில் விழுந்துதான் வெளியே வந்தது. பாதிக்கு மேல் சல்லடையிலேயே தங்கிவிட்டது. ஊமை பேசுது என்று அக்கா சொல்லவில்லை.

புதன்கிழமை, திரையில் தெரிந்தவர் அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர், நல்ல மாதிரி. கொடுத்த கணக்கு, கண்ணாடியில் இரண்டு முறை போட்டதேதான். படித்ததுமே விடை தெரிந்துவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"நான் பேசறது கேக்குதா?" என்றார் அவர்.

"கேக்குது."

"மனசுல என்ன ஓடுதோ அதைச் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

"அப்படியே சொல்லலாமா?"

"அப்படியே."

"எங்க அக்கா இப்ப தனியா பஸ்ல போயிட்டிருப்பா. டயாலிசிஸ் ஊசி போடற கையில பை மாட்டக்கூடாது. மாட்டியிருப்பா."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "வேற நாள் வெச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். இந்த முறை வாய்விட்டே யோசித்தாள். "வேற நாளும் இதேதான் ஓடும். அந்த ஊருக்கு வந்து உக்காந்தாலும் இதுதான் ஓடும். வேண்டாங்க. மன்னிச்சுக்குங்க."

ஆஸ்பத்திரியில் அக்காவின் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் திரும்பி வந்துகொண்டிருந்தது. தங்கையைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"விடை தெரியலைங்கறதாலயா?"

"தெரிஞ்சுது. ரெண்டு தடவை போட்ட கணக்குதான்."

அக்காவின் முகம் மாறியது. "எனக்காகவா?"

ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய்.

"இத்தனை நாள் நோயாளியா மட்டும் இருந்தேன்," என்றாள் அக்கா மெதுவாக. "இனிமே உன் வழியில குறுக்க உக்காந்திருக்கறவளாவும் இருக்கணும். நீ போயிருந்தா உன்னைத் திட்டிக்கிட்டாவது நிம்மதியா இருந்திருப்பேன்."

"அக்கா..."

"நான் இருக்கறவரைக்கும்னு நீ சொன்னப்போ, அது வாய் தவறி வந்ததுன்னு வெச்சுக்கிட்டேன். இப்ப அதுதான் முடிவுன்னு ஆக்கிட்டே."

எழுந்து போய்விட வேண்டும் போலிருந்திருக்கும் அக்காவுக்கு. குழாய்கள் விடாது, இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தங்கை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊசி ஏறிய கையில், முழங்கைக்குச் சற்று மேலே, பையின் வார் அழுத்திய சிவந்த தடம் இருந்தது. பார்த்தாள். சொல்லவில்லை.

வெகு நேரம் கழித்து அக்கா திரும்பாமலே கேட்டாள். "ஐஸ் கொண்டு வந்தியா?"

ஓடி வந்த அவசரத்தில், ஐஸ் போட்டு எடுத்துவரும் ஃப்ளாஸ்க்கை மறந்திருந்தாள்.

"இல்லக்கா."

"பரவாயில்ல," என்றாள் அக்கா, சுவரிடம்.