பெரியவனின் தட்டு

சமைத்து முடித்ததும் மகன் இரண்டு தட்டுகளை எடுத்து வைப்பான். ஒன்று தனக்கு, மற்றது பெரியவனுக்கு. இரண்டிலும் சோறு போட்டுத் தனித்தனியாகப் படம் பிடிப்பான். தன் தட்டைத் தன் போனிலிருந்தும், பெரியவனின் தட்டைப் பெரியவனின் போனிலிருந்தும் அம்மாவுக்கு அனுப்புவான். பிறகு இரண்டாவது தட்டுச் சோற்றைத் திரும்பவும் பாத்திரத்தில் கொட்டிவிடுவான். பெரியவன் செத்து எட்டு மாதமாகிறது.

படம் அனுப்பும் சட்டத்தைப் போட்டவள் அம்மாதான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டவள். 'சாப்பிட்டேன்' என்று வாயால் சொன்னால் நம்பமாட்டாள். தட்டைப் பார்க்க வேண்டும். மகன் இந்த ஊருக்கு வந்து, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் ஒருவனோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டபோது அவனுக்கும் அதே சட்டம்தான். அவனுக்கு அப்பா அம்மா இல்லை, மகனைவிட மூன்று வயது மூத்தவன். "நீ பெரியவன், இவன் சின்னவன்" என்று போனிலேயே பேர் வைத்து, முகம் பாராமலே தன் பிள்ளையாக்கிக்கொண்டாள்.

பெரியவன் ஒரு பிற்பகல் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். மறுநாள் கொள்ளி வைத்தது மகன்தான். அவன் செத்த அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள், "பெரியவன் தட்டு இன்னும் வரலையேடா" என்றாள். அவளுக்கு ரத்தக் கொதிப்பு. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு தட்டை அனுப்பினான். அந்த நாளைதான் எட்டு மாதமாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

இதில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. தன் போனில் 'நல்லா இருக்கேன்மா' என்பதைத் தாண்டி ஒரு வரி வராதவனுக்குப் பெரியவனின் போனில் கை தானாக ஓடியது. 'சின்னவன் தூங்கறதில்லம்மா', 'வேலையில கை நடுங்குதாம்', 'பேசினா ஒழுங்கா பதில் சொல்றதில்ல'. செத்தவன் பேரில் மகன் தன்னைப் பற்றிக் கோள் சொன்னான். அம்மா அதற்கு ஆறுதல் எழுதினாள்.

இப்போது அவளே வந்துவிட்டாள். பன்னிரண்டு நாள் இருப்பாள். ஊருக்குப் போவதற்குள் சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பெட்டியைத் திறந்து இரண்டு சட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். "பெரிய அளவு பெரியவனுக்கு. எங்க அவன்?"

"வேற ஊர்ல வேலைம்மா. மூணு வாரம் ஆகும்."

"சரி" என்றாள் அம்மா. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் கையை ஊன்றி வெகுநேரம் நின்றாள்.

நாலு நாள் ஊரைச் சுற்றிக் காட்டினான். நூலகம், பூங்கா, ஆறு மாடிக் கடை. தானாக நகரும் படிக்கட்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். எங்கே போவதானாலும் வீட்டு வாசலிலிருக்கும் பஸ் ஸ்டாப்பை விட்டு, கால் மைல் நடத்தி அடுத்த ஸ்டாப்பில்தான் ஏற்றினான்.

"வாசல்லயே பஸ் நிக்குது. என்னை எதுக்குடா நடக்க விடறே? முட்டி தேஞ்சு மாவாப் போகட்டும்னா?"

"அது வேற ரூட்டும்மா."

"நம்பர் ஒண்ணாத்தானே இருக்கு" என்றாள். ஆனாலும் நடந்தாள். மத்தியானங்களில் மகன் கழிப்பறைக்குள் போய், பழைய தட்டுப் படங்களில் ஒன்றைப் பெரியவனின் போனிலிருந்து அனுப்பினான். வெளியே அம்மாவின் கைப்பை கிர்ரென்று அதிரும் சத்தம் கதவு வழியாகக் கேட்கும்.

ஐந்தாம் நாள் தான் வேலை செய்யும் இடத்தைக் காட்டினான். பல் செட் செய்யும் பட்டறை. மேஜை நெடுக வெள்ளை பிளாஸ்டர் மாவில் வார்த்த ஈறுகளும் தாடைகளும் வாய் பிளந்து கிடந்தன.

"இத்தனை வாய் இருக்கு, ஒண்ணுகூடப் பேச மாட்டேங்குதே" என்றாள் அம்மா. "உன் ஜாதிதான்."

மாவைக் கரைத்துக் காட்டினான். "நாலு நிமிஷம்மா. அதுக்குள்ள ஊத்திடணும். நடுவுல கையை எடுத்தா இறுகிடும், வேஸ்ட்." சொல்லும்போதே கை நடுங்கியது. அம்மா மாவைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

திரும்பும்போது முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கச் சொன்னான். அம்மா இருக்கையை விட்டு அசையவில்லை. வாசல் ஸ்டாப் வந்ததும் எழுந்து இறங்கி, நேரே அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மகன் நின்றுகொண்டேயிருந்தான்.

"இங்கதானா?" என்றாள்.

"உங்களுக்கு எப்படிம்மா...?"

"பெரியவன் பீச்சாங்கைக்காரன். அவன் தட்டுக்கு இடப்பக்கம்தான் தண்ணி இருக்கும். 'கையை மாத்துடா'ன்னு எத்தனை நாள் திட்டியிருக்கேன். ஒரு நாள் டம்ளர் வலப்பக்கம் போச்சு. மறுநாளும் அப்படியே. சரி, திருந்திட்டான்னு நெனச்சேன். பத்து நாள் பார்த்தேன். அப்புறம்தான் அது நீ வச்ச தட்டு, அவன் இல்லைன்னு புரிஞ்சுது. முப்பது வருஷம் தட்டையே பார்த்தவடா நான்."

"தெரிஞ்சுமா பதில் போட்டீங்க?"

"நீ எங்கிட்ட பேசினது அந்த ஒரு போன்லதானே. நிறுத்திட்டா அதுவும் போயிடுமே. அழுகையை அடக்கிக்கிட்டு 'நல்லா சாப்பிடு பெரியவனே'ன்னு எழுதுவேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ கூப்பிட்டதாலதான் கிளம்பி வந்தேன்."

"நான் கூப்பிடலையேம்மா."

அம்மா தன் போனை நீட்டினாள். பெரியவனிடமிருந்து, இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. 'ஒரு தடவை வந்துட்டுப் போங்கம்மா. இவன் ரெண்டு தட்டுல போட்டு ரெண்டையும் கொட்டறான்.'

மகன் அதை மூன்று முறை படித்தான். பெரியவன் பேரில் எழுதிய கோள்களெல்லாம் வரிக்கு வரி ஞாபகத்திலிருந்தன. இதை எழுதிய ஞாபகம் மட்டும் இல்லை. பெரியவனின் போனை எடுத்துத் தேடினான். அதிலும் அதே வரி, அதே நேரம் இருந்தது. தன் கைதான் எழுதியிருக்க வேண்டும். வேறு யார் கை?

"இதை நான் எழுதலம்மா" என்றான்.

அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் ஓரத்துக்கும் நடுவில் இரண்டு பேர் உட்காரலாம். மகன் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அவன் அன்னிக்கு என்னைக் கூப்பிட்டான்மா. மூணு தடவை. மாவு கரைச்சிட்டிருந்தேன். அவன் பேரைப் பார்த்தேன். ராத்திரிக்கு என்ன சமைக்கறதுன்னு கேக்கத்தான் கூப்பிடறான்னு நெனச்சேன். போனைக் குப்புறப் போட்டுட்டேன். மறுபடி அடிச்சுது. மறுபடியும். கேட்டுது. எடுக்கல."

பரவாயில்லை என்று அம்மா சொல்லவில்லை. உன் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. "எத்தனை மணிக்கு?" என்றாள்.

"மூணே கால். மூணு இருபது. மூணு இருபத்தாறு." பார்க்காமலே சொன்னான்.

அம்மா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று பத்து. "இரு" என்றாள். "பதினோரு நிமிஷம் அவன் இங்க தனியா இருந்திருக்கான். இன்னிக்கு நாம இருப்போம்."

இருந்தார்கள். பதினோரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று மகனுக்கு அதுவரை தெரியாது. எதிர்வீட்டில் ஒருவர் ஜன்னலைத் துடைத்து முடித்தார். ஒரு பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். அம்மா தலையசைத்து மறுத்தாள். கதவு மூடிக்கொண்டது. மூணு இருபதுக்கு மகன் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினான். அம்மா தொடவில்லை, தடுக்கவுமில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, காலியாக விட்ட இடத்துக்கு மெதுவாக ஏதோ சொன்னாள். அது அவனுக்குக் கேட்கவில்லை.

மூணு இருபத்தாறு ஆனபோது இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.