ஜன்னல் பக்கச் சுவர்

மலர்ச்சாலையில் அண்ணனின் உடலுக்கு உடுத்தக் கொடுத்தனுப்ப அவருடைய வெள்ளைச் சட்டையை நிரஞ்சனி அயன் செய்துகொண்டிருந்தபோது, அஸீமும் ஸுமைராவும் கடுகண்ணாவையில் அண்ணன் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். படம் மாட்டும் இடத்துக்காகச் சண்டை போட்டு மூன்று வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், ஒரே ஓட்டோவில் வந்திருந்தார்கள்.

கண்டியில் சனிக்கிழமை தொடங்கவிருந்த ஓவியக் கண்காட்சியை ஏற்பாடு செய்தவள் நிரஞ்சனி. பாடசாலையில் சித்திர ஆசிரியை. மொத்தம் ஏழு ஓவியர்கள். அஸீமுக்கு வாசலுக்கு நேரே உள்ள பெரிய சுவர்தான் வேண்டும். ஸுமைராவின் படங்களுக்குப் பக்கத்தில் நாலடிக்கு யாரும் வரக்கூடாது. அவர்களைக்கூடச் சமாளித்துவிட்டாள், அண்ணன் வீரையாவைத்தான் முடியவில்லை. லொறிகளுக்கும் கடைகளுக்கும் பெயர் எழுதிப் பிழைத்தவர், ஓய்ந்த நேரங்களில் ரயில் பயணிகளின் முகங்களை உள்ளங்கை அளவில் வரைந்து வைத்திருந்தார். அவருக்கும் அந்தப் பெரிய சுவரே வேண்டுமாம்.

"தங்கச்சி நடத்துற எக்சிபிஷன்ல அண்ணனுக்கு ஜன்னலோரமா?" என்றவர், நாலு நாள் பேசவில்லை.

நேற்றுக் காலை அவராகவே மண்டபத்துக்கு வந்தார். ஜன்னல் பக்கம் மாட்டியிருந்த தன் ஒன்பது படங்களையும் மூக்கு முட்டுமளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் ரெண்டு அங்குலம் எறக்கு. குட்டையா இருக்கிறவங்களும் பாக்கணும்ல."

அவ்வளவுதான். கோபம் தீர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறியவர் கடுகண்ணாவையில் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் தோளைத் தொட்டிருக்கிறார். உயிர் போயிருந்தது.

இப்போது வாசலில் நின்றபடி அஸீம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டீச்சர், பெரிய சுவர அவருக்கே குடுங்க. நான் எங்கயாவது ஒதுங்கிக்கிறேன்."

"என்ட பக்கத்தில யாரப் போட்டாலும் பரவாயில்ல" என்றாள் ஸுமைரா, மூக்கை உறிஞ்சியபடி.

நிரஞ்சனி சட்டையை மடித்தாள்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தில் அண்ணனின் ஒன்பது படங்களையும் பெரிய சுவரில் மாட்டினாள். வாசலில் போய் நின்று பார்த்தாள். கடிதத்தில் ஒட்டிய முத்திரைகள் போலிருந்தன. ஒரு முகமும் தெரியவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு அண்ணி ராக்கம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணி, அண்ணன் கேட்ட சுவர்லயே மாட்டிப் பாத்தேன். நல்லா இல்ல."



"அன்னைக்கு வந்தப்ப என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் ராக்கம்மா.

"ஜன்னல்கிட்ட இருந்ததப் பாத்துட்டு, ரெண்டு அங்குலம் எறக்குன்னாரு."

"கடைசியா ஒங்கிட்டதானே பேசியிருக்காரு. அப்பிடியே செஞ்சிரு."

அவள் படங்களைக் கழற்றத் தொடங்கியதும் அஸீம் முகம் சுளித்தார். "மௌத்தானவருக்கு ஒரு மரியாத வேணாமா, டீச்சர்?"

"மரியாதைக்காகத் தூக்கி வச்சா மொதல்ல அண்ணனுக்குத்தான் கோவம் வரும். இந்தச் சுவரு ஒங்க படத்துக்குத்தான் சரி. வந்து பிடிங்க."

அவர் வந்து பிடித்தார். ஸுமைரா அடிமட்டத்தை வைத்து அளந்து சொல்ல, ஜன்னல் பக்கச் சுவரில் ஒவ்வொன்றாக இறக்கி மாட்டினார்கள். பால்சட்டி தூக்கியவர், கொட்டாவி விடும் ரயில் கார்ட், குழந்தையை மடியில் கிடத்திய பெண் என்று ஒவ்வொரு முகமும் ஜன்னல் வெளிச்சத்தில் துலங்கியது. முடித்தபோது மணி இரண்டாகிவிட்டது.

அஸீம் வெளியே போய்ச் சோற்றுப் பார்சல்கள் வாங்கி வந்தார். மூவரும் தரையில் பத்திரிகை விரித்து உட்கார்ந்தார்கள்.

"இது மரக்கறி" என்று ஒன்றைப் பிரித்து நிரஞ்சனியின் முன் தள்ளி வைத்தார்.

செத்த வீட்டில் இரண்டு நாளாக அவள் தேத்தண்ணீரில்தான் இருந்தாள். பருப்பைச் சோற்றோடு பிசைந்தாள். ஸுமைரா தன் பார்சலிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்தாள். நிரஞ்சனி அதை நொறுக்கிப் போட்டு, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள்.