கவனிப்பாளர் சம்பளம்

நலத்திட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெண் படிவத்தை என் நெஞ்சின்மேல் வைத்துப் பேனாவைக் கையில் திணித்தாள்.

"அரசாங்கம் தர்ற வைத்தியப் பணம் இனிமே உங்க கையில சார். யாரை வெச்சுக்கணும், எதை வாங்கணும், எல்லாம் உங்க இஷ்டம்."

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி செத்து இரண்டு வருடமாகிறது. ஒருக்களித்துப் படுக்கவே அடுத்தவர் கை வேண்டும். என் இஷ்டமாம்! சிரிப்பு வந்தாலும், உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கத்தான் செய்தது. ஏனென்றால் ஒரு மாதமாகவே நான் முடிவுசெய்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் எனக்கு உடம்பு துடைத்துவிட்ட மீசைக்காரரிடம் போனில் பேசியாயிற்று. தினமும் வந்து குளிப்பாட்டி, மூத்திரப் பையை மாற்றிவிட்டுப் போவார். என் மனைவி இனி அதைத் தொடக்கூடாது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்க அரைநாள்தான் போகிறாள், முழுநாளும் போகட்டும். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, கடைக்கு வந்தவர்களைப் பற்றி வம்பளக்கட்டும். எனக்குப் பெண்டாட்டி வேண்டும், நர்ஸ் வேண்டாம். படிவம் வரட்டும், அசத்திவிடலாம் என்று அவளிடம் மூச்சுவிடவில்லை. என் புத்தியை எதால் அடிப்பது!

"கவனிப்பாளர்னு யாரைப் போடறீங்க சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள், சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்தபடி வந்தாள்.

"நான்தான். வீட்டு ஆளையே போடலாம்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்களே. நேத்தே கடை வேலையை விட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா வேணாம்பீங்க. எவனோ வந்து உங்களைப் புரட்டிப் போடறதை நான் வேடிக்கை பார்க்கணுமா? என் இடத்துக்கு முதலாளியோட அக்கா பொண்ணு இன்னிக்கே வந்துட்டா. கவலைய விடுங்க."

அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. மீசைக்காரரின் பெயர் என் தொண்டை வரை வந்தது. வேலையும் போய், இந்தச் சம்பளமும் இல்லையென்றால் அவள் எங்கே போவாள்? பெயரை விழுங்கிவிட்டு, அவள் பெயரை எழுதினேன்.

"இவங்க வேலை செஞ்ச நேரத்தைப் பார்த்து வாராவாரம் நீங்க கையெழுத்துப் போடணும் சார். இனி நீங்கதான் இவங்களுக்கு முதலாளி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கிளம்பினாள்.

மனைவி வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"முதலாளி, முதுகுல இருந்து ஆரம்பிக்கட்டுமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன். அவள் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, என் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.