இறக்கத்துக்கு எந்த கியர்

சுருளிராஜனின் வேன் குமுளி மலை இறக்கத்தில் தடுப்புச்சுவரை உரசி நின்ற மறுநாள் காலை, சின்னமனூர் ஆபீசில் கணக்கு எழுதும் நாகஜோதி எட்டு வண்டிகளின் ஒர்க்‌ஷாப் சீட்டுகளையும் மேசையில் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக் புகைந்து பிடிக்காமல் போயிருக்கிறது. முதலாளி சீனிச்சாமி அன்றைக்கே அவன் கணக்கை முடித்து அனுப்பிவிடுவதாக இருந்தார். மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறவனை இப்படியா அனுப்புவது என்று இவளுக்கு ஆறவில்லை. அதோடு இன்னொன்றும் மண்டையைக் குடைந்தது. ஏழு வண்டிகளுக்கு மாதம் தவறாமல் தேய்ந்த பிரேக் லைனிங் மாற்றியிருக்கிறார்கள்; ஞானசிகாமணியின் வண்டிக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரே தடவை. அதே மலை, அதே ஏலக்காய் மூட்டை. அந்த மனுஷன் மட்டும் என்ன மந்திரமா போடுகிறார்?

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடமே போய்க் கேட்டுவிட்டாள்.

"மந்திரமெல்லாம் இல்ல தங்கச்சி. ஏறுன கியர்லயே எறங்குவேன். இஞ்சினே வண்டியப் புடிச்சுக்கிரும். அதான் டீசல் மிச்சம் புடிச்சவுகளுக்குத் தீவாளிக்குக் குடுக்குற பட்டு வேட்டி எனக்கு ஒரு வருசமும் வந்ததில்ல," என்று சிரித்தார்.

அடப்பாவிகளா! ஒரு வேட்டிக்காகவா மற்ற ஏழு பேரும் டீசலை மிச்சம் பிடிக்க மலையிலிருந்து கியரை விட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறார்கள்? சீட்டுகளை அள்ளிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். தேனியில் டிரைவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடக்கிறது, எல்லோரையும் அனுப்பலாம் என்றாள்.

"ஓட்டத் தெரிஞ்சவன்னுதான வேலைக்கு வச்சேன்? மூணு நாளு வண்டிய நிப்பாட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்கா அனுப்பச் சொல்ற?"

"லைனிங் மாத்தவே இந்த வருசம் நாப்பது நாளு நின்னுருக்கு மொதலாளி. சீட்டப் பாருங்க. சுருளியண்ணன அனுப்பிட்டா, அடுத்து வர்ற ஆளும் இப்பிடி நியூட்ரல்லதான எறங்குவாரு?"

சீனிச்சாமிக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. சுருளியைக் கூப்பிட்டார்.

"ஏலே, நியூட்ரல்ல எறங்குன்னு எவன்டா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?"

சுருளி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீங்கதான் மொதலாளி."

இந்த ஆபீசெல்லாம் வருவதற்கு முன்னால் சீனிச்சாமி ஒற்றை வண்டியைத் தானே ஓட்டியவர். பக்கத்து சீட்டிலிருந்து தொழில் பழகியவன் சுருளி. சீனிச்சாமி சீட்டுகளை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு எழுந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

"வாடா. நீயும் வா ஆத்தா."

குமுளியிலிருந்து திரும்பும்போது அவரே ஓட்டினார், மூட்டைகளோடு, ஏறிய அதே இரண்டாவது கியரில். இஞ்சின் கத்தியது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். முதல் வளைவிலேயே அவருடைய இடதுகை நியூட்ரலுக்குத் தள்ளத் தானாகக் கியருக்குப் போனது.

"வேணாம் மொதலாளி," என்றான் நடுவில் உட்கார்ந்திருந்த சுருளி.

கை பின்வாங்கியது. அடுத்த வளைவில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை சுருளி கியர் கம்பியின் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டான். அந்தக் கையின்மேல் சீனிச்சாமியின் கை வந்து உட்கார்ந்தது. மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரும்வரை அவர் அதை எடுக்கவேயில்லை.